குழாய் மாறினால் கணக்கும் மாறும்: டர்போ காரில் காற்றளவு சென்சாரைப் பொருத்தும் முறை

சுபாரு இம்ப்ரெசா டபிள்யூஆர்எக்ஸ் கார் வாங்கியவர்களில் பலர் முதலில் கைவைப்பது எஞ்சினுக்குக் காற்று கொண்டுபோகும் இன்டேக் குழாயில்தான். போனட்டைத் திறந்தால் ஓரமாக ஒரு கறுப்பு ப்ளாஸ்டிக் பெட்டி, அதற்குள் ஏர் ஃபில்டர். அந்தப் பெட்டியைத் தூக்கிவிட்டு ஒரு அலுமினியக் குழாயும் கூம்பு ஃபில்டரும் மாட்டுவது அரை நாள் வேலை. எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் டர்போ அந்தக் காற்றை இழுக்கும் சத்தம் அதற்குப் பிறகு கேட்கவே இனிமையாக இருக்கும். ஆனால் பழைய பெட்டியின் வாயில் விரல் நீளத்தில் ஒரு காற்றளவு சென்சார் செருகியிருக்கிறது. இரண்டு திருகைக் கழற்றி அதைப் புதுக் குழாயில் மாட்டிவிடுகிறோம். இதற்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது. பிஸ்டன் உடைந்த வண்டிகள் சிலவற்றின் கதையைத் தோண்டிப் பார்த்தால், அது இந்த இரண்டு நிமிடத்தில் வந்து நிற்கிறது.

முதல் முறையாக இந்த வேலையைச் செய்யப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். உதாரணமாக எடுத்துக்கொள்வது அமெரிக்காவில் 2002 முதல் 2005 வரை விற்ற டபிள்யூஆர்எக்ஸ், அதாவது 2.0 லிட்டர் ஈஜே205 டர்போ எஞ்சின். காற்றளவு சென்சார் உள்ள எந்த பெட்ரோல் காருக்கும் இதே நியாயம்தான். உங்கள் காரில் அந்த சென்சார் இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். ஃபில்டருக்கும், ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் திறக்கும் த்ராட்டில் வால்வுக்கும் நடுவே, குழாய்க்குள் நீட்டிக்கொண்டிருக்கும்; வயர் கனெக்டர் வெளியே தெரியும். இந்தியாவில் ஓடும் சின்ன பெட்ரோல் கார்கள் பலவற்றில் இது கிடையாது. மேனிஃபோல்டு (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்தனுப்பும் குழாய்) அழுத்தத்தையும் காற்றின் வெப்பத்தையும் வைத்தே அங்கே ஈசியூ, அதாவது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி, கணக்குப் போட்டுக்கொள்ளும். காமன் ரெயில் டீசல்களில் சென்சார் உண்டு, ஆனால் அதன் முக்கிய வேலை புகையில் ஒரு பங்கை எஞ்சினுக்குள் திருப்பிவிடும் ஈஜிஆர் வால்வைக் கட்டுப்படுத்துவது. இந்த இரு வகைக்கும் கீழே வரும் ட்யூனிங் (ஈசியூவின் எண்களைத் திருத்தும்) படிகள் அப்படியே ஒத்துவராது.

சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். கலிஃபோர்னியாவில் வெளி நிறுவன இன்டேக் மாட்டினால் அதற்குக் காற்றுவள வாரியத்தின் அனுமதி எண் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் புகைப் பரிசோதனையில் வண்டி தேறாது. இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வண்டியில் செய்யும் மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது.

சென்சார் எதை அளக்கிறது

காற்றளவு சென்சாருக்குள் ஒரு மெல்லிய கம்பியோ படலமோ இருக்கிறது. சுற்றியுள்ள காற்றைவிடக் குறிப்பிட்ட அளவு கூடுதல் சூட்டில் அது எப்போதும் வைக்கப்பட்டிருக்கும். காற்று வேகமாக ஓடினால் கம்பி குளிரும்; சூட்டைத் தக்கவைக்க அதிக மின்சாரம் வேண்டும். அந்த மின்சாரம்தான் வோல்டாக ஈசியூவுக்குப் போகிறது. இந்த வோல்ட் வந்தால் வினாடிக்கு இத்தனை கிராம் காற்று என்று ஈசியூவில் ஒரு அட்டவணை எழுதியிருக்கிறது. பெட்ரோலைத் தெளிக்கும் கணக்கு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

இதில் புதியவர்கள் கவனிக்கத் தவறும் இடம் ஒன்று உண்டு. குழாயில் போகும் காற்று முழுவதையும் அந்தக் கம்பி பார்ப்பதில்லை. சென்சாரின் சின்னத் துளை வழியாக நுழையும் துளிக் காற்றை மட்டும்தான் பார்க்கிறது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதுபோல, அந்தத் துளியை வைத்து முழுப் பானையையும் ஈசியூ ஊகிக்கிறது. பானையின் அளவு அதற்குத் தெரியாது. தொழிற்சாலையில் எந்தக் குழாயில் வைத்து அட்டவணை எழுதினார்களோ, அந்தக் குழாயேதான் இன்னும் இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருக்கிறது.

கணக்காகவே பார்ப்போம். பழைய குழாயின் உள்விட்டம் 70 மி.மீ., புதியது 76 மி.மீ. என்று வையுங்கள். 6 மி.மீ.தானே என்று தோன்றும். ஆனால் காற்று ஓடுவது பரப்பில்; பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 76-ஐ 70-ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் 1.18. அதே அளவு காற்று 18 சதவீதம் அகலமான இடத்தில் போவதால் அதன் வேகம் குறைகிறது, கம்பி குறைவாகக் குளிர்கிறது. உண்மையில் 118 கிராம் போகும்போது சென்சார் 100 கிராம் என்று சொல்கிறது. ஈசியூ 100 கிராமுக்கு உரிய பெட்ரோலைத்தான் தெளிக்கும்.

மெதுவாகப் போகும்போது ஆக்ஸிஜன் சென்சார் இதைக் கண்டுபிடித்துத் திருத்திவிடும். டர்போ முழு அழுத்தத்தில் இருக்கும்போது அந்தத் திருத்தம் நடப்பதில்லை. அங்கே ஈசியூ அட்டவணையை மட்டுமே நம்புகிறது. லாம்டா என்பது கலவையின் அளவு: 1 என்றால் பெட்ரோல் முழுவதும் எரியச் சரியான காற்று, அதற்குக் கீழே போனால் பெட்ரோல் அதிகம். லாம்டா 0.75 வேண்டும் என்று அது கேட்ட இடத்தில் 0.88 கிடைக்கும். பெட்ரோலின் பழைய கணக்கில் (எடையில் காற்றுக்குப் பெட்ரோல்) சொன்னால் 11-க்கு 1 இருக்க வேண்டிய கலவை 13-க்கு 1 ஆகிவிடுகிறது.

இதைவிட மோசமான இன்னொன்று சேர்ந்தே நடக்கிறது. சுபாரு ஈசியூ எஞ்சினின் சுமையை, ஒரு சுற்றுக்கு எத்தனை கிராம் காற்று என்று அளக்கிறது. காற்று குறைவாகத் தெரிந்தால் சுமையும் குறைவாகத் தெரியும். சுமை குறைந்த கட்டங்களில் இக்னிஷன் டைமிங் (தீப்பொறி விழும் நேரம்) அதிகமாக முன்தள்ளி வைக்கப்பட்டிருக்கும். ஆக பெட்ரோலும் குறைவு, தீப்பொறியும் சீக்கிரம். கலவை தானாகவே வெடித்துப் பிஸ்டனை அடிக்கும் நாக்கிங் வருவதற்கு இதைவிட நல்ல சூழ்நிலை தேவையில்லை. இன்டேக் மாட்டியதும் வண்டி பறக்கிறது என்று முதல் வாரம் சொல்பவர்களில் சிலர் உணர்வது இந்த லீன் (பெட்ரோல் குறைந்த) கலவையையும் கூடிய டைமிங்கையும்தான். அவர்களை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது.

ஸ்பேனரை எடுக்குமுன் பழைய வண்டியின் ஜாதகம்

பழைய பெட்டி இருக்கும்போதே ஒரு பதிவு எடுத்துவிடுங்கள். அமெரிக்காவில் 1996-க்குப் பின் விற்ற கார்கள் எல்லாவற்றிலும் ஈசியூவின் எண்களைப் படிக்க உதவும் ஓபிடி-2 சாக்கெட் உண்டு. ஒரு சாதாரண ப்ளூடூத் அடாப்டரும் போனும் போதும். சுபாருவுக்கு ரோம்ரைடர் என்ற இலவச மென்பொருளும் உரிய கேபிளும் இருந்தால் இன்னும் வேகமாக, இன்னும் நுணுக்கமாகப் பதியலாம்.

எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு ஐட்லிங்கில் 5 நிமிடம், 2,500 ஆர்பிஎம்மில் 2 நிமிடம், சமதள நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் 10 நிமிடம் பதியுங்கள். வேண்டியவை: சென்சார் வோல்ட், வினாடிக்கு எத்தனை கிராம், உடனடி ஃப்யூயல் ட்ரிம், நீண்டகால ஃப்யூயல் ட்ரிம், உள்ளே வரும் காற்றின் வெப்பம், ஆர்பிஎம். ட்ரிம் என்பது ஆக்ஸிஜன் சென்சார் சொல்வதைக் கேட்டு ஈசியூ பெட்ரோலைக் கூட்டும் அல்லது குறைக்கும் சதவீதம். இரண்டு ட்ரிம்களையும் கூட்டினால் ப்ளஸ் மைனஸ் 5 சதவீதத்துக்குள் வர வேண்டும். இப்போதே 10-ஐத் தாண்டியிருந்தால் புது இன்டேக்கைத் தள்ளிவைத்துவிட்டு அந்தக் கோளாறை முதலில் பாருங்கள். இல்லையென்றால் பிறகு வரும் எண்களில் எது பழைய நோய், எது புது நோய் என்று பிரிக்கவே முடியாது.

அந்தப் பதிவைப் பத்திரமாக வைத்திருங்கள். அடுத்த மூன்று வாரங்களுக்கு உங்கள் கையில் இருக்கும் ஒரே நம்பகமான அளவுகோல் அதுதான்.

குழாய் வாங்கும்போது

கடையில் 3 அங்குலக் குழாய் என்று கொடுப்பது பெரும்பாலும் வெளிவிட்டம். சுவர்த் தடிமன் 1.6 மி.மீ. என்றால் உள்விட்டம் 73 மி.மீ.தான். 76 என்று எண்ணிக் கணக்குப் போட்டால் 18 சதவீதம், 73 என்று போட்டால் 9 சதவீதம். பாதிக்குப் பாதி வித்தியாசம். வெர்னியர் வைத்து உள்ளே அளங்கள். சென்சார் வரும் இடத்தில் இரண்டு திசைகளில் அளங்கள். வளைத்த குழாய் சில இடங்களில் முட்டை வடிவமாகியிருக்கும்.

எந்த விட்டம் நல்லது? டர்போ பழையதாகவே இருந்தால், சென்சார் உட்காரும் துண்டு மட்டுமாவது தொழிற்சாலை விட்டத்திலேயே இருக்கட்டும் என்பது என் கருத்து. பெரிய குழாய் வேண்டும் என்ற ஆசை புரிகிறது. ஆனால் ஐட்லிங்கில் இந்த எஞ்சின் வினாடிக்கு ஏறக்குறைய 3 கிராம் காற்றுதான் இழுக்கும். 70 மி.மீ. குழாயில் அது வினாடிக்கு 0.65 மீட்டர் வேகம், விசிறியின் மெல்லிய காற்றுக்கும் குறைவு. அதே குழாயில் 240 கிராம் போகும்போது வேகம் 50 மீட்டரைத் தாண்டும். இந்த இரண்டு எல்லைகளையும் ஒரே கம்பி படிக்க வேண்டும். 100 மி.மீ. குழாயைப் போட்டால் ஐட்லிங் வேகம் 0.32 மீட்டராக விழுந்துவிடும். சென்சார் எதைப் பார்க்கிறது என்று அதற்கே தெரியாது. ஐட்லிங் தடுமாறும், சிக்னலில் நிறுத்தும்போது எஞ்சின் அணையும்.

பெரிய டர்போ போட்டு, மேல் ஆர்பிஎம்மில் சென்சார் 5 வோல்ட் பக்கம் போய் முட்டி நிற்கிறது என்றால் அது வேறு கதை. அங்கே காற்று ஏறிக்கொண்டே போகும், எண் ஏறாது. அப்போது குழாயைப் பெரிதாக்குவதில் நியாயம் உண்டு.

ஃபில்டரைப் பற்றி இரண்டே வார்த்தை. எண்ணெய் தடவும் பருத்தி ஃபில்டர் என்றால் எண்ணெயைக் குறைவாகத் தடவி, ஒரு இரவு வைத்துவிட்டு மாட்டுங்கள். மிச்ச எண்ணெய் பறந்துபோய்க் கம்பியில் ஒட்டும். பம்பருக்குள் தாழ்வாகத் தொங்கும் ஃபில்டர் மழைத் தண்ணீரை உறிஞ்சினால் எஞ்சினே போய்விடும்.

சென்சார் உட்காரும் இடம்

இந்த வேலையின் உயிர்நாடி இதுதான். சென்சார் தரும் பிழையில் இரண்டு வகை உண்டு. எப்போதும் 9 சதவீதம் குறைவாகக் காட்டுகிறது என்றால் அட்டவணையை அதே விகிதத்தில் உயர்த்தினால் தீர்ந்தது. ஒரு சமயம் 3 குறைவாகவும் இன்னொரு சமயம் 14 குறைவாகவும் காட்டினால் எந்த அட்டவணையாலும் அதைத் திருத்த முடியாது. முதல் வகை விட்டத்தால் வருவது, இரண்டாவது இடத்தால் வருவது. ட்யூனிங் செய்பவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், இடம் தவறினால் அவர் கையில் ஒன்றும் இல்லை.

ஆற்று வளைவில் வெளிக்கரைப் பக்கம் நீர் வேகமாக ஓடும், உட்கரைப் பக்கம் தேங்கிச் சுழலும். குழாய் வளைவிலும் காற்று கிட்டத்தட்ட அப்படித்தான். வளைவைத் தாண்டியதும் வெளிப்பக்கம் வேகம் அதிகம், உள்பக்கம் சுழல், அதோடு இரட்டைச் சுருளாக ஒரு முறுக்கும் சேர்ந்துகொள்ளும். எந்த ஆர்பிஎம்மில் எந்தப் பக்கம் எவ்வளவு என்பது மாறிக்கொண்டே இருக்கும். அந்த இடத்தில் துளை வைத்தால் எடுக்கும் துளி, பானைக்குப் பதமாக இராது.

ஆய்வுக்கூடங்களில் அளவிக்கு முன்னால் விட்டத்தைப்போல் 10 மடங்கும் பின்னால் 5 மடங்கும் நேர்க்குழாய் விடுவார்கள். 73 மி.மீ. குழாயில் அது முன்னால் மட்டும் 730 மி.மீ.; எந்த எஞ்சின் அறையிலும் அவ்வளவு இடம் கிடையாது. நடைமுறையில் ஃபில்டருக்கும் சென்சாருக்கும் நடுவே 100 முதல் 150 மி.மீ. நேர்க்குழாய் கிடைத்தாலே பெரும்பாலும் சமாளிக்கலாம். சென்சாருக்குப் பின்னால், முதல் வளைவுக்கு முன் 50 மி.மீ.யாவது விடுங்கள். கூம்பு ஃபில்டரின் வாய்க்குள் விளிம்பு உருட்டிய மணிவாய் இருந்தால் காற்று ஒழுங்காக நுழையும். வெட்டிய குழாயின் கூர்முனையில் நேரே ஃபில்டரை மாட்டினால் நுழைவிலேயே சுழல் உண்டாகும்.

வளைவைத் தவிர்க்கவே முடியாத இடங்களும் உண்டு. அப்போது சென்சாரை வளைவின் உள்பக்கமோ வெளிப்பக்கமோ வைக்காமல், வளைவின் தளத்துக்குச் செங்குத்தாக, பக்கவாட்டில் செருகுங்கள். இரு எல்லைகளுக்கும் நடுவே உள்ள காற்று கிடைக்கும். கூடவே ஒரு தேன்கூட்டுத் தட்டையும் குழாய்க்குள் வையுங்கள். அது முறுக்கை உடைத்துக் காற்றை நேராக்கும். மெல்லிய கம்பிவலை வேகத்தைச் சமப்படுத்தும். மிட்சுபிஷி தன் பழைய டர்போ கார்களில் சூடான கம்பிக்குப் பதிலாகக் காற்றுச் சுழல்களை எண்ணும் சென்சாரை வைத்தது. அவற்றின் வாயில் தேன்கூடு இருந்ததற்குக் காரணம் உண்டு. சக்தி கூடும் என்று நம்பி அதை வெட்டி எறிபவர்கள் அளவையே வெட்டி எறிகிறார்கள். ஒரு எச்சரிக்கை: டர்போவுக்கு முன்னால் வைக்கும் எந்தத் தட்டும் கழன்றுவரக் கூடாது. இரு பக்கமும் விளிம்பு பிடித்து நிறுத்துங்கள், பசையை நம்பாதீர்கள்.

நான் பார்த்த ஒரு வண்டியில் சென்சார் 90 பாகை எல்போவை ஒட்டியே இருந்தது. 2.3 வோல்டில் ட்ரிம் ஒரு நாள் 3 என்றும் மறுநாள் 14 என்றும் வந்தது. அட்டவணையை ஆறு தடவை மாற்றி எழுதியும் பலனில்லை. கடைசியில் குழாயை வெட்டி, சென்சாரை 120 மி.மீ. ஃபில்டர் பக்கம் நகர்த்தினோம். அன்று மாலையே எண்கள் ஒரு கோட்டில் வந்து நின்றன. அந்த ஆறு தடவைகளில் வீணான நாட்களை நினைத்துத்தான் இந்தப் பகுதியை இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

பற்றவைப்பும் பொருத்தலும்

பழைய பெட்டியில் சென்சார் எவ்வளவு ஆழம் இறங்கியிருந்தது, துளை குழாயின் நடுவிலிருந்து எவ்வளவு தள்ளி இருந்தது என்று அளந்து குறித்துக்கொள்ளுங்கள். புதுக் குழாயில் பற்றவைக்கும் பிடிமானத்தின் உயரத்தை அதற்கேற்ப வையுங்கள். சென்சார் குழாய்க்குச் சரியான செங்குத்தில் நிற்க வேண்டும். அதன் மேல் உள்ள அம்புக்குறி எஞ்சினைப் பார்க்க வேண்டும். சில பாகை திரும்பி நின்றாலும் துளைக்குள் போகும் காற்று குறையும்.

பற்றவைத்த பிறகு உள்ளே துருத்தும் கசிவை அரம் போட்டுச் சமன் செய்யுங்கள். பின் குழாயை சோப்புத் தண்ணீரில் கழுவி, துணி நுழைத்துத் துடைத்து, வெயிலில் காயவையுங்கள். ஒரு அலுமினியத் தூள்கூட உள்ளே இருக்கக் கூடாது. அடுத்து இருப்பது நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் டர்போ சக்கரம். சென்சாரின் ஓ-ரிங் பழசாகித் தட்டையாகியிருந்தால் புதிது போடுங்கள். கம்பியைத் தொடாதீர்கள். அழுக்காக இருந்தால் காற்றளவு சென்சாருக்கென்றே விற்கும் ஸ்ப்ரேயை மட்டும் அடித்து, முழுக்கக் காயவிடுங்கள். பிரேக் க்ளீனர், கார்புரேட்டர் க்ளீனர் வேண்டாம்.

ஹோஸ்கள்: அளந்த காற்று வெளியே போகக் கூடாது, அளக்காதது உள்ளே வரக் கூடாது

பழைய இன்டேக்கில் எந்தெந்த ஹோஸ் எங்கே சேர்ந்தது என்று கழற்றுமுன் படம் எடுத்திருப்பீர்கள். எடுக்காவிட்டால் இப்போது வருந்துவீர்கள். எஞ்சினின் மூச்சுக் குழாய்கள், ஆக்ஸிலரேட்டரை விடும்போது டர்போவின் மிச்ச அழுத்தத்தைத் திறந்துவிடும் பைபாஸ் வால்விலிருந்து திரும்பும் தடித்த ஹோஸ், இவையெல்லாம் சென்சாருக்கும் டர்போவுக்கும் நடுவேதான் சேர வேண்டும். மூச்சுக் குழாயைக் கழற்றிச் சின்ன ஃபில்டர் மாட்டினால் அளக்காத காற்று அதன் வழியே நுழையும். பைபாஸ் வால்வைப் புஸ் சத்தத்துக்காக வெளியே திறந்துவிட்டால், ஏற்கெனவே அளந்து பெட்ரோலும் ஒதுக்கிய காற்று ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் வெளியேறும். அந்த நொடி கலவை கெட்டியாகி (பெட்ரோல் அதிகமாகி) எஞ்சின் திக்கும்.

கசிவு எங்கே என்பதை அறிகுறியே சொல்லும். சென்சாருக்கும் டர்போவுக்கும் நடுவே கசிந்தால் அளக்காத காற்று உள்ளே வரும், எப்போதும் லீன். டர்போவுக்குப் பின்னால் கசிந்தால் ஐட்லிங்கில் லீன், அழுத்தம் ஏறியதும் ரிச் (கெட்டி). சுபாருவில் டர்போவுக்குப் போகும் ரப்பர் குழாய் இன்டேக் மேனிஃபோல்டுக்குக் கீழே ஒளிந்திருப்பதால், அங்கே விரிசல் விட்டால் கண்ணில் படாது. புகைக் கருவி வைத்துச் சோதிப்பது நல்லது.

முதல் ஸ்டார்ட்

அட்டவணையைத் திருத்தாமல் சாவியைத் திருப்பாதீர்கள். முதலில் பரப்பு விகிதத்தால், நம் உதாரணத்தில் 1.18-ஆல், கிராம் எண்கள் அனைத்தையும் பெருக்கி ஈசியூவில் ஏற்றுங்கள். இது தோராயம்தான், ஆனால் பாதுகாப்பான பக்கத்தில் தொடங்குகிறீர்கள். ஈசியூ கற்றுவைத்த பழைய நீண்டகால ட்ரிம்களையும் அழித்துவிடுங்கள்.

இப்போது பழைய பதிவு எடுத்த அதே முறையில் மறுபடி பதியுங்கள். டர்போ அழுத்தம் ஏறாத அளவுக்கு மெதுவாகவே ஓட்டுங்கள். எண்களில் மூன்று வகை முகங்கள் தெரியும்.

ஐட்லிங்கில் 17, நெடுஞ்சாலையில் 2 என்று ட்ரிம் வந்தால் அது கசிவு. வினாடிக்கு அரை கிராம் காற்று திருட்டுத்தனமாக நுழைந்தால் 3 கிராமில் அது பெரிய பங்கு, 30 கிராமில் ஒன்றுமே இல்லை. அட்டவணையில் கைவைக்காமல் ஹோஸ்களைத் தேடுங்கள்.

எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒரே சதவீதம் என்றால் அது விட்டக் கணக்கு. நல்ல செய்தி, திருத்தத்துக்கு வண்டி தயார்.

ஒரே வோல்டில் எண்கள் அங்குமிங்கும் சிதறினால் அது இடம். ட்யூனிங்கை நிறுத்திவிட்டுக் குழாய்க்குத் திரும்புங்கள்.

செக் எஞ்சின் விளக்கு எரிந்து பி0171 என்ற கோளாறு எண் வந்தால் ட்ரிம் எல்லையைத் தொட்டுவிட்டது, கலவை லீன். பி0101 என்றால் சென்சார் சொல்வதை ஈசியூ நம்ப மறுக்கிறது. பி0102 பெரும்பாலும் கனெக்டர் சரியாக உட்காததால் வருவது.

அட்டவணையைத் திருத்துதல்

பதிவை வோல்ட் வாரியாகப் பிரியுங்கள். ஆக்ஸிலரேட்டரை அழுத்தும் அல்லது விடும் நொடிகளை நீக்கிவிடுங்கள். எஞ்சின் சூடாகாத பகுதியையும் நீக்குங்கள். மிஞ்சுவதில் ஒவ்வொரு வோல்டுக்கும் இரண்டு ட்ரிம்களின் கூட்டுத்தொகையைச் சராசரி எடுங்கள். 1.9 வோல்டில் சராசரி ப்ளஸ் 6 என்றால் அந்தக் கட்டத்தின் கிராமை 1.06-ஆல் பெருக்க வேண்டும். ஒரேயடியாகச் செய்யாமல் முதலில் பாதியளவு திருத்துங்கள், மறுபடி ஓட்டிப் பாருங்கள். ரோம்ரைடரின் பதிவுக் கருவியில் இந்தக் கணக்கைச் செய்யவே ஒரு பக்கம் இருக்கிறது. ஆனாலும் முதல் தடவை கையால் போட்டுப் பாருங்கள், விஷயம் மனதில் பதியும்.

திருத்திய பிறகு அட்டவணையைக் கோடாக வரைந்து பாருங்கள். வோல்ட் ஏற ஏற அது செங்குத்தாகிக்கொண்டே ஏறும் வழவழப்பான வளைவாக இருக்க வேண்டும். நடுவில் மேடு பள்ளம் இருந்தால் அது காற்றின் குணம் ஆகாது, உங்கள் பதிவின் குறை. அங்கே எண்ணை நம்பாமல் வளைவை நம்புங்கள்.

ஐட்லிங் கட்டம் மட்டும் அடம்பிடித்தால், பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் திறக்க எடுக்கும் நேரமும் காரணமாக இருக்கலாம். வேறு இன்ஜெக்டர் மாட்டியிருந்தால் அதை முதலில் சரிசெய்யுங்கள். சென்சாரின் பிழையைப் பெட்ரோல் அட்டவணையில் ஒளித்துவைக்கும் பழக்கமும் வேண்டாம். கலவை சரியானதுபோலத் தெரியும். சுமைக் கணக்கு தவறாகவே இருக்கும், டைமிங் தவறான கட்டத்திலேயே ஓடும்.

முழு அழுத்தத்தில்

இதைப் பொதுச் சாலையில் செய்யாதீர்கள். டைனோவிலோ (உருளைகள் மேல் நிறுத்தியே வண்டியை ஓட்டிப் பார்க்கும் மேடை) மூடிய களத்திலோ செய்யுங்கள். முதல் முறை என்றால் அனுபவமுள்ள ஒருவர் கூட இருப்பது அவசியம் என்றே சொல்வேன்.

இந்த கார்களின் முன் ஆக்ஸிஜன் சென்சார் கெட்டிக் கலவையில் நம்பத் தகுந்ததல்ல. தனியாக ஒரு வைட்பேண்டு, அதாவது அகன்ற எல்லையில் கலவையை அளக்கும் ஆக்ஸிஜன் சென்சார், மாட்டுங்கள். பாஷ் எல்எஸ்யூ 4.9 வகை பரவலாகக் கிடைக்கிறது. மீட்டரை லாம்டாவில் வையுங்கள். அமெரிக்க பம்புகளில் பெரும்பாலும் 10 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். இந்தியாவில் இப்போது 20 சதவீதம். லாம்டா 1-க்குச் சமமாகச் சொல்லும் 14.7 என்ற பழைய எண் அந்த எரிபொருள்களுக்குப் பொருந்தாது. லாம்டா எந்தக் கலப்புக்கும் 1-இல்தான் நிற்கும்.

குறைந்த அழுத்தத்தில் தொடங்கிப் படிப்படியாக ஏறுங்கள். ஈசியூ 0.78 கேட்கிறது, வைட்பேண்டு 0.82 காட்டுகிறது என்றால், 0.82-ஐ 0.78-ஆல் வகுத்தால் 1.05. அந்த வோல்ட் கட்டத்தை 1.05-ஆல் பெருக்குங்கள். புகை சென்சாரை அடையச் சற்று நேரம் ஆகும் என்பதால் வேகமாக ஏறும் ஆர்பிஎம்மில் எண்கள் கொஞ்சம் பின்தங்கி வரும். உயர்ந்த கியரில் மெதுவாக ஏற்றினால் இந்தக் குழப்பம் குறையும். நாக்கிங் திருத்தம் பதிவில் தெரிந்த நொடியே காலை எடுங்கள். தடை குறைந்த இன்டேக்கில் டர்போ சீக்கிரம் விழித்துக்கொள்ளும், அழுத்தமும் பழையதைவிடச் சற்று எகிறலாம். அதையும் ஒரு கண் பாருங்கள்.

சுபாருவில் இன்னொரு நுணுக்கம். காற்றோட்டத்தை நான்கு எல்லைகளாகப் பிரித்து ஈசியூ நீண்டகால ட்ரிம்மைக் கற்கிறது. கடைசி எல்லையில் கற்றது முழு அழுத்தத்திலும் சேர்க்கப்படுகிறது. நெடுஞ்சாலை ஓட்டத்தில் அங்கே ப்ளஸ் 8 படிந்திருந்தால், மேலே நீங்கள் அளப்பதில் அந்த 8-ம் கலந்திருக்கும். அதனால்தான் கீழ்ப்பகுதியைத் தீர்த்துவிட்டு மேலே போக வேண்டும்.

வெப்பத்தையும் விட்டுவிடாதீர்கள். 10 பாகை சூடு ஏறினால் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய 3 சதவீதம் குறைகிறது. நிறையை அளக்கும் சென்சார் என்பதால் கலவை கெடாது, ஆனால் சக்தி குறையும், நாக்கிங் நெருங்கும். ரேடியேட்டர் பக்கத்துச் சூட்டிலிருந்து ஃபில்டரை மறைக்கும் தகடு, பளபளக்கும் குழாயைவிட அதிகப் பயன் தரும்.

500 கி.மீ. ஓடியதும் கிளாம்புகளை மறுபடி இறுக்குங்கள். சூடாகிக் குளிரும்போது சிலிகோன் ஹோஸ் தளரும். அன்றே ஒரு பதிவு எடுத்து முதல் பதிவோடு ஒப்பிடுங்கள். பழைய பெட்டியை விற்றுவிடாமல் பரணில் போட்டுவையுங்கள்; பழைய அட்டவணைக் கோப்பையும் ஒரு பென் டிரைவில் நகல் எடுத்து அதோடு சேர்த்து வையுங்கள்.